வெறுங்கால், வயது, திடல்: ஆப்பிரிக்கச் சிறுவர் கால்பந்தும் நாமும்



யாருடைய நினைவுக்காக இன்று மேட்டுப்பாளையத்தில் கூடியிருக்கிறோமோ, அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். மாலையில் பந்தோடு வருவார். ஆட்டம் முடிந்ததும் எங்களை உட்காரவைத்துச் செய்தித்தாள் படிக்கச் சொல்வார். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்தில் முடிக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அம்பேத்கர் பெயரை எங்களில் பலர் முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தத் திடலின் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான்.

ஆகவே இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்குக் கால்பந்தையே எடுத்துக்கொண்டோம். அதிலும் ஆப்பிரிக்க நாடுகளின் பதினேழு வயதுக்குட்பட்ட சிறுவர் அணிகள் ஆடும் கோப்பைப் போட்டியை மையமாக வைத்தோம். ‘தலித் இலக்கிய மேடையில் ஆப்பிரிக்கக் கால்பந்து எதற்கு’ என்று சில தோழர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடைதான் இந்த உரை.

1. கார்தூம், 1957

ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 1957 பிப்ரவரியில் சூடானின் தலைநகர் கார்தூமில் உருவானது. எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகள் அதன் தொடக்க உறுப்பினர்கள். அதே மாதம் அதே ஊரில் முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை நடத்துவதாக ஏற்பாடு. நான்கு நாடுகள் என்றால் இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. கணக்கு சரியாக இருந்தது.

தென்னாப்பிரிக்கா மட்டும் ஒரு நிபந்தனையோடு வந்தது. வெள்ளையர் மட்டும் உள்ள அணியை அனுப்புவோம், அல்லது கறுப்பர் மட்டும் உள்ள அணியை அனுப்புவோம், இருவரும் கலந்த அணியை அனுப்ப மாட்டோம் என்றது. மற்ற மூன்று நாடுகளும் அப்படியானால் வரவேண்டாம் என்றன. தென்னாப்பிரிக்காவோடு ஆட வேண்டியிருந்த எத்தியோப்பியா ஆடாமலே இறுதிக்குப் போனது. அங்கே எகிப்து 4-0 என்று வென்றது. மூன்றே நாடுகள் ஆடிய சின்னப் போட்டி அது. ஆனால் நிறவெறியை வெளியே நிறுத்தியது அதன் முதல் வேலையாக இருந்தது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1957இல் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இன்னும் காலனியாகத்தான் இருந்தது. கானா விடுதலை பெற்றதே அடுத்த மாதம்தான். கையில் பணமில்லை, உலகக் கால்பந்துச் சபையில் குரலில்லை. அந்த நிலையிலும் ‘நாங்கள் வளர்ந்தபிறகு நியாயம் பேசிக்கொள்ளலாம்’ என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. உலகச் சபையான ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்ய 1961 ஆனது. நடுவில் அதைத் திரும்பச் சேர்க்கவும் முயன்றது. முழுமையாக வெளியேற்ற 1976 வரை ஆனது. மூன்று ஏழை நாடுகள் முதல் நாளிலேயே செய்ததை உலகம் செய்ய 19 ஆண்டுகள் பிடித்தன.

அந்த நாட்டில் ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகள், கால்பந்து ஆட அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கேட்டதற்காகத் தண்டனையும் பெற்றார்கள். அனுமதி கிடைத்ததும் மக்கானா கால்பந்துச் சங்கம் என்று பெயர் வைத்து, உலகச் சபையின் விதிகளை அப்படியே பின்பற்றி, நடுவர், பதிவேடு, முறையீட்டுக் குழு எல்லாம் வைத்து ஆடினார்கள். சட்டமே இல்லாத நாட்டில் சட்டப்படி வாழ முடியும் என்று அவர்கள் தங்களுக்கே நிரூபித்துக்கொண்ட இடம் அது.

1966 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம்கூட நேரடியாகத் தரவில்லை. ஆப்பிரிக்காவில் வென்றவர் ஆசியாவில் வென்றவரோடு மோதி வரவேண்டும் என்றார்கள். கானாவின் நிக்ரூமா முன்னின்று குரல் கொடுக்க, ஆப்பிரிக்க நாடுகள் கூட்டாக அந்தக் கோப்பையைப் புறக்கணித்தன. 1970இல் ஆப்பிரிக்காவுக்கு நேரடி இடம் கிடைத்தது. மொரோக்கோ போனது. இட ஒதுக்கீடு கேட்டால் தகுதி பற்றிப் பாடம் எடுப்பவர்களை நாம் தினமும் சந்திக்கிறோம். அன்று ஆப்பிரிக்கர்களுக்கும் அதே பாடம்தான் எடுக்கப்பட்டது. இடம் கிடைத்தபிறகு தகுதி எங்கே இருந்தது என்பதை உலகம் பார்த்தது.

2. சிறுவர்கள் முந்தினார்கள்

பெரியவர்கள் அணியில் ஆப்பிரிக்கா இன்றுவரை உலகக் கோப்பையை வெல்லவில்லை. ஆனால் சிறுவர்கள் எப்போதோ வென்றுவிட்டார்கள். 1985இல் சீனாவில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. இறுதியில் நைஜீரியச் சிறுவர்கள் மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்தினார்கள். ஃபிஃபா நடத்திய ஒரு போட்டியில் ஆப்பிரிக்க நாடு கோப்பை தூக்கியது அதுவே முதல்முறை. பிறகு அந்தப் போட்டியின் வயது வரம்பு பதினேழானது. நைஜீரியா 1993, 2007, 2013, 2015 ஆண்டுகளிலும், கானா 1991, 1995 ஆண்டுகளிலும் வென்றன. ஆக ஏழு முறை கோப்பை ஆப்பிரிக்காவுக்கு.

ஆப்பிரிக்காவுக்குள் இளையோர் போட்டிகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. இருபது வயதுக்குட்பட்டோருக்கான போட்டி 1979இல் தொடங்கியது, அல்ஜீரியா வென்றது. பதினேழு வயதுக்குட்பட்டோர் ஒரே நாட்டில் கூடி ஆடும் போட்டி 1995இல் மாலியில் தொடங்கியது. நெடுங்காலம் எட்டு அணிகள் மட்டுமே ஆடிய போட்டி, 2025இல் மொரோக்கோவில் 16 அணிகளோடு நடந்தது. மொரோக்கோவே மாலியை இறுதியில் பெனால்டி உதைகளில் வென்றது. அதே ஆண்டு கத்தாரில் 48 அணிகள் ஆடிய சிறுவர் உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பத்து அணிகள் போயின. ஓர் இடம்கூட இல்லை என்று புறக்கணித்த கண்டத்துக்குப் பத்து இடங்கள்.

சிறுவர்களால் முடிந்தது பெரியவர்களால் ஏன் முடியவில்லை? பதினாறு வயதில் பந்து, கால், மூச்சு மூன்றும் போதும். அதற்குமேல் மருத்துவர், சத்துணவு, புல்தரை, சம்பளம், ஒழுங்கான சங்கம் எல்லாம் வேண்டும். பத்தாம் வகுப்பு வரை முதல் மதிப்பெண் எடுத்த நம் பிள்ளைகள் அதற்குப்பின் எங்கே காணாமல் போகிறார்கள் என்று நாம் கேட்கும் கேள்விதான் இது.

3. வெறுங்கால்

1949இல் நைஜீரிய வீரர்கள் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள சங்கங்களோடு ஆடினார்கள். பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடினார்கள். லிவர்பூல் பக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் 5-2 என்று வென்றார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் ஆட்டத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்சும் மோதின. நம் அணியிலும் பெரும்பாலானோர் வெறுங்கால். தலைவர் நாகர் இனத்தைச் சேர்ந்த டாக்டர் டாலிமெரன் ஆவ். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அண்ணன் இதைச் சொல்லிவிட்டு எங்களிடம் கேட்பார்: “அன்னிக்கு நம்ம தாத்தன் எந்தப் பக்கம்டா?” புதுச்சேரி அன்று பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது 1954 நவம்பர் 1ஆம் தேதி. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. நம் தெருக்களில் சொல்தா குடும்பங்கள் இருந்தன. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போன நம்மவர்கள், அங்கே செனகலிலிருந்தும் மாலியிலிருந்தும் அழைத்துவரப்பட்ட கறுப்பு வீரர்கள் போரிட்ட அதே போரில்தான் போரிட்டார்கள். மாலிக்காரனுக்கும் நமக்கும் உறவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வெறுங்கால் என்றதும் இந்த ஊரில் இன்னொரு வரலாறு நினைவுக்கு வரவேண்டும். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காக வாதாட விடாமல் தடுக்கப்பட்டார். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, சாதி வழக்கங்களையும் சொந்தச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்வோருக்கு வழி திறந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து பலர் அந்த வழியே போய், புதுக் குடும்பப் பெயர்களைப் பதிந்துகொண்டார்கள். படித்த வக்கீலுக்கே காலணிக்கு பாரிஸ் வரை போகவேண்டியிருந்தது என்றால், ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த நம் முப்பாட்டன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

ஐவரி கோஸ்டின் அபிஜானில் 1990களில் பிரெஞ்சுக்காரரான ழான் மார்க் கியூ தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் சிறுவர்கள் வெறுங்காலோடுதான் பந்து பழகினார்கள். தேர்வில் தேறியபிறகே பூட்ஸ். பந்தின் தொடுகை காலுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் முறை. அந்தப் பள்ளிகள் பிறகு மாலியிலும் வந்தன. இங்கே ஒரு வித்தியாசத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பூட்ஸ் கிடைக்கும் என்று தெரிந்தவன் வெறுங்காலில் பழகுவது பயிற்சி. பூட்ஸ் போட்டால் அடிப்பார்கள் என்று தெரிந்தவன் வெறுங்காலில் நடப்பது அடிமைத்தனம். இரண்டையும் ‘எளிமை’ என்று ஒரே சொல்லால் புகழ்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

4. காதும் மணிக்கட்டும்

சிறுவர் கால்பந்தில் பெரிய சர்ச்சை வயதுதான். ஆப்பிரிக்க அணிகள் வயது மூத்தவர்களைச் சிறுவர்களாகக் காட்டி ஆடவைக்கின்றன என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. அதில் உண்மையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2009இல் நைஜீரியாவில் நடந்த சிறுவர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கும் முறை வந்தது. 2017 ஆப்பிரிக்கச் சிறுவர் கோப்பைக்கு முன்னால், சோதனைக்குக் கூப்பிட்ட ஒரு வீரரைக் கொண்டுவராததால் காங்கோ அணி நீக்கப்பட்டு, தான்சானியா அந்த இடத்துக்கு வந்தது.

சங்க நிர்வாகிகள் செய்யும் மோசடி ஒருபுறம். பிறப்பைப் பதிவு செய்ய அலுவலகமே இல்லாத கிராமம் இன்னொருபுறம். நம் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். எட்டினால் ஒன்றாம் வகுப்பு. பிறகு தலைமையாசிரியர் தன் மனதுக்குப் பட்ட தேதியை எழுதினார். நம் தெருவில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேர் இருப்பது அதனால்தான். “மழை பெஞ்சு ஏரி உடைஞ்ச வருஷம் பொறந்தவன்” என்று ஆத்தா சொன்ன கணக்குக்கு ஏட்டில் இடமில்லை.

அந்தச் சிறுவனை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைக்கும்போது, பொய் சொன்னவர் யார் என்ற கேள்வி அவனிடம் மட்டும் கேட்கப்படுகிறது. தாளில் பொய்யை எழுதிய பெரியவர்கள் அடுத்த போட்டிக்குப் போய்விடுகிறார்கள், அவன் வீட்டுக்குப் போகிறான்.

5. நீ லாம்ப்டே

1991 சிறுவர் உலகக் கோப்பையை இத்தாலியில் கானா வென்றது. இறுதியில் ஸ்பெயினை 1-0 என்று தோற்கடித்தது. அந்தப் போட்டியின் தலைசிறந்த வீரர் நீ லாம்ப்டே. தன் வாரிசு இவன் என்று பெலேயே புகழ்ந்தார். பதினாறு வயதிலேயே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் சங்கத்துக்காகப் பெரியவர்களோடு ஆடினார். பிறகு நெதர்லாந்து, இங்கிலாந்து என்று நாடு நாடாகப் போனார். எங்கும் நிலைக்கவில்லை.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. முகவர் நீட்டிய ஒப்பந்தங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திட்டார். அவர் காலால் வந்த பணத்தில் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரேகை வைத்து நிலம் இழந்த கதைகள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின? கடன் பத்திரத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாத கைகள் வைத்த ரேகை அதில் பெரும் பங்கு வகித்தது.

லாம்ப்டே தனியர் அல்லர். ஐரோப்பாவில் சேர்த்துவிடுவதாகச் சொல்லிக் குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, பாரிஸ் நகரத்தில் சிறுவர்களைக் கைவிட்டுப் போன தரகர்கள் ஏராளம். கேமரூனின் முன்னாள் வீரர் ழான் கிளாட் எம்வூமின் அப்படிப்பட்டவர்களுக்காகவே ‘ஃபுட் சொலிடேர்’ என்ற அமைப்பை நடத்தினார். 2001இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு உலகச் சபை தடை விதித்தது, சில விலக்குகளோடு. தரகர்கள் விலக்குகளைத் தேடிப்போனார்கள்.

ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய லாம்ப்டே அக்ராவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அண்ணன் ஏன் ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளை நீட்டினார் என்பது இதைப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

6. டில்லி, 2017

2017 மே மாதம் காபோன் நாட்டில் ஆப்பிரிக்கச் சிறுவர் கோப்பை நடந்தது. முதலில் நடத்துவதாக இருந்த மடகாஸ்கரிடமிருந்து அது கைமாறி வந்திருந்தது. இறுதியில் மாலி கானாவை 1-0 என்று வென்று, இரண்டாவது முறையாகத் தொடர்ந்து கோப்பையைப் பெற்றது. மாலி, கானா, கினி, நைஜர் ஆகிய நான்கு அணிகளும் அந்த வழியாக அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தன. நம் நாட்டில் நடந்த முதல் ஃபிஃபா போட்டி அது. டில்லி, கொல்கத்தா, குவாகாத்தி, நவி மும்பை, மட்காவ், கொச்சி என்று ஆறு ஊர்களில் நடந்தது.

அக்டோபர் 12 அன்று டில்லியில் கானா இந்தியாவை 4-0 என்று வென்றது. மாலி அரையிறுதி வரை போனது. எண்ணிக்கையை விடுங்கள். அந்த இந்திய அணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 21 பேரில் 8 பேர் மணிப்பூர்ச் சிறுவர்கள். கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்தவர் ஜீக்சன் சிங். அந்தக் கோலுக்கான மூலை உதையை அடித்தவர் பெங்களூரின் சஞ்சீவ் ஸ்டாலின். காய்கறி விற்கும் அம்மா, மீன் விற்கும் அம்மா, வண்டி ஓட்டும் அப்பா என்றுதான் அந்த வீடுகள் இருந்தன. கிரிக்கெட் அணியை எடுத்துவைத்து இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த நாட்டில் மிச்சமிருந்த வாசல் எது என்று தெரியும். வடசென்னையின் வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடப்படுவதற்கும் இதுவே காரணம். ஒரு பந்து, இருபத்திரண்டு பேர். மட்டை, கையுறை, காலுறைக்குக் காசு தேவையில்லை.

டில்லியில் கானாச் சிறுவர்களுக்குக் கைதட்டினோம். ஆனால் கேரளத்தின் செவன்ஸ் ஆட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிவரும் ஆப்பிரிக்க வீரர்கள் படும் பாடு வேறு. 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர் நிறத்தைச் சொல்லி வசைபாடப்பட்டு, கூட்டத்தால் துரத்தி அடிக்கப்பட்டார். தோலைப் பார்த்ததும் கை ஓங்கும் பழக்கம் எங்கிருந்து கற்றது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

7. திடல் யாருக்கு

1974இல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்குத் தகுதி பெற்றது. சென்னைக்காரர்களான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அணியில் இருந்தார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு ஆடாமலே போனது. கார்தூம் 1957ஐப் போலவே நிமிர்ந்து நின்ற முடிவு. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அதே இந்திய அரசு, 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதியைப் பற்றி அங்கே பேசக்கூடாது என்றது. சாதி இனமல்ல, அது எங்கள் வீட்டு விவகாரம் என்றது. தலித் இயக்கத் தோழர்கள் மாநாட்டுக்கு வெளியேயும் உள்ளேயும் பேசிப் பார்த்தார்கள். இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியில் ஆடவேண்டும் என்று கோப்பையையே விட்டுக்கொடுத்த நாடு, ஊரும் சேரியும் ஒரே திடலில் ஆடுகின்றனவா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறது.

எங்கள் திடலுக்கு வருகிறோம். தொழிற்பேட்டைச் சுவருக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவில் கருவேல முள்ளை வெட்டி, மண் கொட்டி, அண்ணனோடு நாங்களே மட்டம் செய்த இடம் அது. பட்டா கிடையாது. புறம்போக்கு என்றார்கள். ஒருநாள் கம்பி வேலி வந்தது. கேட்டபோது ‘விளையாடுறதுக்குத்தான் ஸ்டேடியம் இருக்கே, அங்க போங்க’ என்று சொன்னார்கள். பஸ் ஏறி, கட்டணம் கட்டி, அடையாள அட்டை காட்டி ஆட வேண்டிய திடலுக்குப் போன பிள்ளைகள் எங்கள் தெருவில் இரண்டே பேர். மற்றவர்கள் ஆட்டத்தை விட்டார்கள். ஆட்டத்தோடு செய்தித்தாளும் நின்றது. அண்ணன் வேலிக்கு வெளியே கொஞ்ச நாள் வந்து நின்றார். பிறகு வரவில்லை.

திடல் பறிபோனால் பந்து மட்டும் போவதில்லை என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். நம் பிள்ளைகள் கூடும் இடம் போகிறது. யாருடைய காலும் யாருடைய காலையும் தொடலாம் என்ற ஒரே இடம் போகிறது.

மூன்று வேலைகளை இந்த மேடை முன்வைக்கிறது. ஒன்று, நம் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் ஆடும் இடம் எது, அது யார் பெயரில் இருக்கிறது என்று மாணவர்கள் கணக்கெடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இரண்டு, அந்த இடங்களைப் பொதுத் திடலாகப் பதிவு செய்யக் கூட்டாக மனு கொடுக்க வேண்டும். தனியாகப் போனால் வெறும் மனு, கூட்டாகப் போனால் 1966. மூன்று, எங்கெல்லாம் பந்து உருளுகிறதோ அங்கெல்லாம் ஆட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் படிப்பு நடக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்கத் தெரிந்த வீரர்கள் நமக்கு வேண்டும்.

இன்று மாலை ஐந்து மணிக்கு வேலிக்கு இந்தப் பக்கம் உள்ள சிறு இடத்தில் அண்ணன் நினைவு ஆட்டம் நடக்கிறது. பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் மட்டும். பெண்பிள்ளைகள் அணியும் உண்டு. வயதுச் சான்று கேட்க மாட்டோம். ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாள் உண்டு.

வாருங்கள். ஜெய்பீம்.